மருந்துக் கம்பெனி கொழும்புக்கு வருமுன் நல்ல முகவரைத் தேடட்டும்

கேள்வி: ஜேர்மனியில் என் மச்சான் வேலை செய்யும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் புற்றுநோய்க்கான பயோசிமிலர் (ஏற்கெனவே உள்ள உயிரியல் மருந்தை மிக நெருக்கமாக ஒத்த) ஊசி மருந்து ஒன்றை இலங்கைக்குக் கொண்டுவர யோசிக்கிறது. கொழும்பில் சொந்தக் கம்பெனி திறப்பதா, முகவரை நியமிப்பதா? இங்கே சந்தை இருக்கிறதா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: சந்தை இருக்கிறது. நாம் பாவிக்கும் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதிதான். ஆனால் உங்கள் மச்சானின் மருந்துக்குப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம். மகரகம அபேக்ஷா போன்ற அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். தனியார் வைத்தியசாலை விலையை வைத்துக் கணக்குப் போட்டால் அது பிழையாகிவிடும்.

தேவையைக் கணக்கிடுவது சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு. டெண்டர் கோருவது பெரும்பாலும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். மருந்தின் பொதுப்பெயரில்தான் கேட்பார்கள், வர்த்தகப் பெயருக்கு அங்கே மவுசு இல்லை. 1971இல் சேனக பிபிலே தலைமையில் கூட்டுத்தாபனம் தொடங்கிய நாளிலிருந்து வந்த வழி அது. நோயாளிகளுக்கு அது செய்த நன்மை பெரியது.

டெண்டருக்கு முன்னால் பதிவு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியாத மருந்தை வழமையாக இங்கே விற்க முடியாது. பரிசோதனைக் கிட் போன்ற மருத்துவ சாதனங்களுக்கும் இதேதான். பயோசிமிலர் என்றால் மூல மருந்தோடு ஒப்பிட்ட தரவுகளும் வேண்டும். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பதிவு விலக்கோடு மருந்து கொண்டுவரும் குறுக்கு வழி ஒன்று இருந்தது. அடுத்த வருடம் போலி இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத ஊசி மருந்து) விவகாரம் வெடித்தது. யாராவது "அந்த வழியால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இது நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்து.

சரி, கம்பெனியா முகவரா? முதல் சில வருடங்களுக்கு முகவர் போதும். பதிவு விண்ணப்பம் உள்ளூர் இறக்குமதியாளர், அதாவது முகவர், ஊடாகத்தான் போகிறது. அதனால் பதிவு அவர் கையில் சிக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். பிரியும் நிலை வந்தால் பதிவை வேறு முகவருக்கு மாற்ற ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் தரவேண்டும், பதிவுக் கோப்பின் பிரதி கம்பெனியிடமும் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பிறகு மனம் கசந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகவரின் குளிரறையை நேரில் போய்ப் பாருங்கள். இந்த வகை ஊசி மருந்து பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் பெட்டி இறங்கும் நாள் வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை போயா விடுமுறை என்றால் மூன்று நாள் அதை யார் பார்ப்பது? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் எடுக்கும்? கடந்த ஆறு மாத வெப்பநிலைப் பதிவைக் காட்டுவார்களா? கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்புறம், பலர் கோட்டைவிடும் ஒரு நிபந்தனை. டெண்டர்களில் வழக்கமாக, களஞ்சியத்தில் ஒப்படைக்கும்போது ஆயுட்காலத்தில் 85% மீதம் இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். 24 மாத மருந்து என்றால் இருபது மாதத்துக்கு மேல் மிச்சம் வேண்டும். தயாரிப்பு, தரப் பரிசோதனை, பொதி, பயணம், சுங்கம் எல்லாம் மூன்றரை மாதத்துக்குள் முடிய வேண்டும். பொதியில் அரச இலச்சினையும் அச்சிட வேண்டும் என்பதால் ஐரோப்பாவில் மிஞ்சிய சரக்கை அப்படியே அனுப்ப முடியாது. தனி உற்பத்தித் தொகுதி போடும் அளவுக்கு ஓர்டர் வருமா என்று கம்பெனி இப்போதே பார்க்கட்டும்.

விற்பனை நிலைத்த பிறகு முதலீட்டுச் சபையிடம் போகலாம். உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்றோடு சேர்ந்து குப்பியில் நிரப்பும் வேலையை இங்கே செய்வது எனக்கு மிகவும் பிடித்த யோசனை, நம் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் அது பிந்திய கதை.

இப்போதைக்கு மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: இந்த மருந்து ஜேர்மனியில் விற்பனையில் இருக்கிறதா, உலக சுகாதார ஸ்தாபன மாதிரியிலான மருந்துச் சான்றிதழை ஜேர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகள் தருவார்களா? ஆம் என்றால் மூன்று முகவர்களின் பெயரோடு திரும்ப எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.