கூண்டில் பிறக்கும் புலிக்குட்டிகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் பிறந்த புலிக்குட்டிகளின் காணொளியை என் மகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். இப்படிப் பிறந்துகொண்டே இருக்கும்போது புலி அழிகிறது என்று ஏன் சொல்கிறார்கள்? வளர்த்துக் காட்டில் விட்டால் போதாதா?

கவிதா, ஹட்டன்

அன்புள்ள கவிதா,

குட்டி போடுவதில் புலிக்கு ஒரு சிரமமும் இல்லை. மூன்றரை மாதச் சினை, ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள். ஆசியாவின் புலிப் பண்ணைகளில் மட்டும் 8,000-க்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். உலகத்துக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 5,500 அளவில்தான். பண்ணைப் புலிகள் பலவும் கடைசியில் எலும்புக்கும் தோலுக்கும் போகின்றன, ஆகவே தலை எண்ணிச் சந்தோஷப்பட முடியாது.

நல்ல மிருகக்காட்சிசாலைகள் வேறு. எதை எதோடு சேர்ப்பது என்று வம்சப் பதிவேடு பார்த்து முடிவெடுக்கிறார்கள். தென்சீனப் புலி இன்று மிஞ்சியிருப்பதே கூண்டுக்குள்தான். (கூட்டம் சேர்க்கும் வெள்ளைப் புலிகளை இதில் சேர்க்காதீர்கள். 1951இல் இந்தியாவின் ரேவாவில் பிடித்த மோகன் என்ற புலியின் வாரிசுகளை உறவுக்குள்ளேயே கூட்டிப் பெருக்கினார்கள். பலவற்றுக்கு மாறுகண்.)

சரி, காட்டில் விடலாமா? குட்டி இரண்டு வருஷம் தாயோடு திரிந்துதான் வேட்டை படிக்கிறது. ஆள் கையால் இறைச்சி தின்று வளர்ந்தது ஆளைக் கண்டு ஒதுங்காது. கசகஸ்தானில் புலி அற்றுப்போய்ப் பல காலம். 2024இல் நெதர்லாந்திலிருந்து போதனா, குமா என்ற சோடியைக் கொண்டுவந்தார்கள். திறந்துவிடத் திட்டமிட்டது அவற்றை அல்ல, மனித வாடை படாமல் வளரும் அவற்றின் குட்டிகளை. அதற்காக அங்கே மான்களையும் காட்டுக்கழுதைகளையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரை இல்லாத காட்டில் புலியை விட்டு என்ன பயன்?

இலங்கைக் காட்டில் புலி கிடையாது, நமக்குள்ளது சிறுத்தை. அதற்கும் குட்டிக்குப் பஞ்சமில்லை, கண்ணிதான் எமன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. இப்படியான கண்ணிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைப்பவை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் கிண்டிப்போட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அதைக் கேட்காமல் தோட்டத்து மக்களை மட்டும் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

சிறுத்தை மாட்டியிருப்பதைக் கண்டால் உடனே வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஆட்களைக் கூடவிடாதீர்கள். சத்தம் கேட்டுத் திமிறத் திமிறக் கம்பி இன்னும் இறுகும்.