புதிய வேலை, புதிய ஊர், வாடகை வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை நிமித்தம் வேறு ஊருக்குக் குடிபெயரும் வாசகர்கள், கட்டுப்படியாகும் வாடகையில் வீடு பிடிப்பது பற்றி அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இம்முறை பதில் அளிக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வேறொரு நகரத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பணியில் சேர வேண்டும். அங்கே தெரிந்தவர் எவரும் இல்லை. இங்கிருந்தபடியே இணையத்தில் பார்த்து ஒரு வீட்டை முடித்துவிட்டுப் போவதா, போய்ச் சேர்ந்த பிறகு தேடுவதா? சம்பளத்தில் எவ்வளவு பங்கை வாடகைக்கு ஒதுக்கலாம்?

பதில்: நீண்ட காலம் குடியிருக்கப் போகும் வீட்டை நேரில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அதுவரை தங்குவதற்கு மட்டும் ஓர் இடத்தை இங்கிருந்தே உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். பணியாளர் விடுதி, மாதக் கணக்கில் கிடைக்கும் சிறு குடியிருப்பு, யாரேனும் வெளியூர் போயிருக்கும் சில வாரங்களுக்கு உரிமையாளரின் சம்மதத்தோடு உள்வாடகைக்கு விடும் அறை என இதற்குப் பல வழிகள் உண்டு. நாள் கணக்கில் பார்த்தால் இவற்றின் வாடகை கூடுதலாகத் தெரியும். ஆனால் படங்களை மட்டும் நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், வீடு ஒத்துவராமல் இடையில் காலி செய்ய நேர்ந்தால், அவர் இழக்கும் முன்பணமும், சாமான்களை மறுபடி ஏற்றி இறக்கும் செலவும், இரண்டாம் முறை கொடுக்கும் தரகும் சேர்ந்து அந்தக் கூடுதல் தொகையை எளிதில் தாண்டிவிடும்.

இந்த இடைக்காலச் செலவை நீங்களே முழுவதுமாகச் சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. பணிநியமன ஆணையை ஏற்றுக் கையெழுத்திடும் முன்பே, இடமாற்றச் செலவுக்கு நிறுவனம் ஏதேனும் தருகிறதா, முதல் சில வாரங்களுக்குத் தங்குமிடம் உண்டா, சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க இயலுமா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். பலர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். மாதாமாதம் கூட்டித் தர மறுக்கும் நிறுவனங்கள்கூட, ஒரே முறை செய்யும் செலவுக்கு இணங்குவதுண்டு. அவ்வாறு தரும் தொகையை, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதை மட்டும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கான பங்கு என்றதும், வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். அது பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால், அதற்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பது விளங்கும். அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருந்தவர்களிடம் வாங்கும் வாடகை அவர்களுடைய வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று 1969இல் ஒரு சட்டத்திருத்தம் வரம்பு கட்டியது. 1981இல் அந்த வரம்பு 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கென வகுத்த எண், காலப்போக்கில் எல்லாருக்குமான அளவுகோலாகப் பேசப்படலாயிற்று. வருமானம் குறையக் குறைய அதில் வாடகை எடுத்துக்கொள்ளும் பங்கு கூடும் என்பதை, பெர்லின் நகரக் கணக்குகளைக் கொண்டு புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே 1868இலேயே காட்டியிருக்கிறார். ஆகவே தொடக்கநிலைச் சம்பளக்காரர் ஒருவருக்கு 30க்குள் வீடு அமையவில்லை என்றால், அதை அவருடைய ஊதாரித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. கல்விக் கடன் உள்ளவருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறவருக்குமோ அந்த 30 விழுக்காடே தாங்க முடியாத சுமையாகலாம்.

எனவே விழுக்காட்டை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கடன் தவணை, குடும்பத்துக்கு அனுப்பும் தொகை, உணவு, பயணம், மருத்துவம், சிறு சேமிப்பு ஆகியவற்றுக்கு 68 போகிறது என்றால், மீதமுள்ள 32தான் வீட்டுக்கான மொத்தச் செலவு. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், இணைய இணைப்பு, குளிர் நாடுகளில் வெப்பமூட்டும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஜெர்மனியில் வீட்டு விளம்பரங்கள் இச்செலவுகள் சேராத வாடகையையும் சேர்ந்த வாடகையையும் தனித்தனியே குறிப்பது வழக்கம். மற்ற இடங்களில் நீங்கள்தான் கேட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவற்றுக்கு 6 போனால், நீங்கள் தேட வேண்டிய வாடகை 26. விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கும் முன்பே இந்த எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். வீட்டைப் பார்த்து மனம் லயித்த பிறகு கணக்குப் போட்டால், அந்த வீட்டுக்கு ஏற்றபடி கணக்கு வளைந்துகொடுக்கும்.

கேள்வி: அலுவலகத்துக்கு அருகில் வாடகை மிக அதிகம். தொலைவில் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் போக ஒரு முக்கால் மணி நேரமும் வர ஒரு முக்கால் மணி நேரமும் கூடுதலாகும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வேலைகள் குவிந்திருக்கும் மையத்திலிருந்து விலக விலக, இடத்துக்காக மக்கள் கொடுக்க முன்வரும் விலை ஏன் குறைகிறது என்பதைப் பொருளியல் அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964இல் விளக்கினார். அந்தக் குறைவின் பின்னணியில் இருப்பது பெரும்பாலும் பயணச் செலவுதான். வாடகையில் மிச்சப்படுத்துவதில் ஒரு பகுதியைப் பயணத்துக்குக் கட்டிவிடுகிறோம் என்பதால், இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அமெரிக்காவில் அவ்வாறு சேர்த்து அளக்கும் ஒரு குறியீடு புழக்கத்தில் உள்ளது. வீட்டுக்கு 30, போக்குவரத்துக்கு 15 என இரண்டும் கூடி வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் அடங்கும் இடத்தையே அது கட்டுப்படியாகும் இடம் என்று கொள்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் 5 நாள், ஆண்டில் 48 வாரம் என்றால், கூடுதலாகப் பயணத்தில் போவது 360 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாட்களாக மாற்றினால் அது 45 நாள். அதாவது ஏறத்தாழ இரண்டு மாத வேலை நாட்களை நீங்கள் வண்டியில் கழிக்கிறீர்கள். மாதத்துக்கு அது 30 மணி நேரம். இரண்டு வீடுகளின் வாடகை வித்தியாசத்திலிருந்து கூடுதல் பயணக் கட்டணத்தைக் கழித்துவிட்டு, மீதியை 30ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை உங்களுடைய ஒரு மணி நேரச் சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை என்றால், சிறிய வீடானாலும் அருகில் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

இந்தக் கணக்குக்குள் வராத சிலவும் உண்டு. உட்கார இடம் கிடைத்துப் படித்துக்கொண்டே போகும் ரயில் பயணமும், நின்றபடி இரண்டு பேருந்து மாறும் பயணமும் கடிகாரத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் உடம்புக்கு ஒன்றல்ல. வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றால் தொலைவின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. இரவுப் பணி உள்ளவர்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை வாடகைக்கு முன்பே விசாரிக்க வேண்டும். இரவில் தனியே திரும்பும் பெண்கள் நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான பாதையை இருட்டிய பிறகு ஒரு முறை நடந்து பார்ப்பது அவசியம். பயண நேரத்தையும் விடுமுறை நாளில் அளக்காமல், வேலை நாளில் அலுவலகம் தொடங்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். என்னைக் கேட்டால், நேர்வண்டி ஓடும் ஒரு தடத்தில், நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தேடச் சொல்வேன். தகுதிகாண் பருவத்தில் வேலை நிலைக்காமல் போனாலும், அதே தடத்தில் உள்ள வேறு நிறுவனங்களுக்கு அந்த வீட்டிலிருந்தே போய்வர முடியும்.

கேள்வி: இணையத்தில் ஓர் அருமையான வீடு பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளைவிட வாடகை மிகக் குறைவு. உரிமையாளர் தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் எழுதுகிறார். பலர் கேட்பதால் இன்றே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். சந்தை வாடகையைவிடக் குறைந்த தொகை, நேரில் வர இயலாத உரிமையாளர், பார்ப்பதற்கு முன் பணம், இன்றே என்ற அவசரம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்து வருவது வாடகை மோசடியின் தெளிவான அடையாளம். விற்பனைக்கு வந்த வேறொரு வீட்டின் படங்களையோ, பழைய விளம்பரத்தின் படங்களையோ எடுத்துப் போட்டு இவ்வாறு பணம் பறிக்கிறார்கள். ஊருக்குப் புதியவர்களும், குறித்த தேதியில் வேலையில் சேர்ந்தாக வேண்டியவர்களும்தான் இதற்கு எளிதில் இரையாகிறார்கள். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே என்ற அவர்களுடைய தவிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் இந்தக் கொடுமை எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

ஐயம் உள்ள விளம்பரத்தின் படத்தைத் தேடுபொறியில் படத்தேடல் செய்து பாருங்கள். அதே படம் வேறு ஊரில், வேறு விலையில் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். நேரில் போக இயலாவிட்டால், புதிய அலுவலகத்தில் உடன் பணியாற்றப் போகிறவர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இயலாதபோது நேரலைக் காணொளி அழைப்பில் வீட்டின் வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையாகக் காட்டச் சொல்லி, குழாயைத் திறந்து காட்டும்படியும் கேளுங்கள். பணம் கொடுக்கும் கட்டம் வந்தால், சொத்து ஆவணத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அடையாள ஆவணத்தின் நகலைத் தரும்போது, எதற்காக யாருக்குத் தரப்படுகிறது என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல், உடனே வங்கிக்குத் தெரிவித்துக் காவல்துறையிலும் புகார் அளிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நேர்மையான உரிமையாளர் கேட்கும் முன்பணத்துக்கும் பல நாடுகளில் வரம்பு உண்டு. ஜெர்மனியில் அது மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணைகளாகச் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையே உச்சவரம்பு. வாங்கிய தொகையை 30 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றின் கீழ் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் 2021இல் வெளியான மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகை என்று வரம்பு வைக்கிறது. ஆனால் மாநிலங்கள் தாமே சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். நீங்கள் போகும் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்ட பிறகு பேச உட்காருங்கள்.

கேள்வி: சம்பளச் சீட்டும் முந்தைய மூன்று மாத வங்கிக் கணக்கும் கேட்கிறார்கள். இன்னும் வேலையில் சேரவே இல்லாதவன் என்ன காட்டுவது?

பதில்: சம்பளமும் சேரும் தேதியும் குறிப்பிட்ட பணிநியமன ஆணை, அதை உறுதிப்படுத்தி நிறுவனம் தரும் கடிதம், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடமிருந்து வாடகையை ஒழுங்காகக் கட்டியவர் என்ற ஒரு சிறு கடிதம், கையிருப்பைக் காட்டும் வங்கி அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிணையாளர் கேட்டால், குடும்பத்தினரைத் தேடும் முன் நிறுவனமே கையெழுத்திடுமா என்று விசாரியுங்கள். பிரான்சில் விசால் என்ற பெயரில் கட்டணமின்றிப் பிணை நிற்கும் திட்டமே இருக்கிறது.

கேள்வி: தனியாக வீடு எடுக்க வசதி போதவில்லை. முன்பின் தெரியாத இருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்; ஊருக்குப் புதியவருக்கு இதுவே பெரும்பாலும் மிகச் சிக்கனமான வழி. ஆனால் ஒப்பந்தத்தில் உங்கள் இடம் என்ன என்பதை முதலில் பாருங்கள். மூவரும் கூட்டாகக் கையெழுத்திட்டால், ஒருவர் வாடகை கட்டாமல் போய்விட்டாலும் அவருடைய பங்கையும் மற்ற இருவரிடம் கேட்கும் உரிமை பல நாடுகளில் உரிமையாளருக்கு உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனி ஒப்பந்தம் என்றால் உங்கள் பொறுப்பு உங்கள் பங்கோடு நிற்கும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்; சம்மதம் இல்லாத நிலையில் வெளியேறச் சொன்னால் உங்களுக்கு வாதாட இடமிருக்காது.

எந்த வகையானாலும், வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை உங்கள் தகுதிகாண் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், பதினோரு மாதங்களுக்கு முன் வெளியேறவே முடியாத ஒப்பந்தத்தில் சேரக் கூடாது. குடிபுகும் நாளன்று சாமான்களை உள்ளே வைக்கும் முன், சுவர், தரை, குளியலறை, மின்மீட்டரின் எண் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்து, அன்றே உரிமையாளருக்கும் உடன் தங்குபவர்களுக்கும் அனுப்பி, பார்த்ததாக ஒரு வரி பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.