கையில் புள்ளி வந்தால் கல்லீரலைக் கழுவணுமா?

கேள்வி: எனக்கு 64 வயது. புறங்கையிலும் கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள். 'லிப்போஃபஸ்சின்' என்ற முதுமை நிறமி உடம்பில் தேங்கிவிட்டதாம், கல்லீரலைச் சுத்தம் செய்தால் மறையுமாம். வாட்ஸப் வீடியோவைப் பார்த்து மருமகள் ஒரு பவுடர் வாங்கித் தந்திருக்கிறாள். குடிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, டப்பாவை மூடி வையுங்கள். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மெலனின் என்ற தோல் நிறமி, அதாவது பல வருஷ வெயில் தோலில் விட்டுப்போனது. வெயில் படும் இடமாகப் பார்த்து வந்திருப்பதைக் கவனியுங்கள். கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

லிப்போஃபஸ்சின் என்று ஒன்று உண்டுதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. செல்லுக்குள் லைசோசோம் என்ற பைகள் பழைய புரதத்தையும் கொழுப்பையும் செரித்துவிடும். ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதை மட்டும் அவற்றால் உடைக்க முடியாது, அது எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடித்த பிசுக்கு மாதிரி அங்கேயே தங்கிவிடும். தோல், குடல் செல்கள் பிரிந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால் அங்கே அதிகம் சேராது. மூளை நரம்பு செல்லும் இதயத் தசையும் கிட்டத்தட்ட ஆயுள் முழுக்க அதே செல்தான், அதனால் அங்கே சேர்ந்துகொண்டே போகும். வயதானவர் இதயத் தசையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் உட்கருவுக்கு இரு முனையிலும் மஞ்சள்பழுப்பாகப் பொடிப்பொடியாகத் தெரியும். நீல ஒளி பட்டால் தானாகவே மின்னும். கண் டாக்டர்கள் விழித்திரையைப் படமெடுக்க இந்த மினுக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிங்கி இறால் தன் மேலோட்டை உரித்துப் போட்டுவிடுவதால், மீனின் காதுக்குள் இருக்கும் கல்லில் வளையம் எண்ணுகிற மாதிரி அதற்கு வயது சொல்வது கஷ்டம். அதன் நரம்புத் திசுவில் இந்த நிறமி எவ்வளவு என்று அளந்து கணிக்கிறார்கள்!

இதைக் கரைத்து வெளியேற்றுவதாக நிரூபணமான பவுடரோ கஷாயமோ கிடையாது. 'இயற்கை' என்று விற்கும் சில பொடிகள் கல்லீரலையே கெடுத்த கதைதான் உண்டு, மருமகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

புள்ளி மேலும் கருக்காமல் இருக்க வெளியே போகும்போது குடையும் சன்ஸ்கிரீனும் போதும். அப்புறம், ஏதாவது ஒரு புள்ளி மட்டும் பெரிதானாலோ, ஓரம் கோணலானாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.