பறக்கும்போது பேட்டரி ஏன் படுக்கிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஏர்போர்ட் போய், டெல்லி விமானத்தில் உட்காரும்போது சார்ஜ் 82%. இறங்கும்போது 41%. போனைத் தொடவே இல்லை. பேட்டரி போச்சா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சைலன்ட்டில்தான் போட்டிருப்பீர்கள், ஏரோப்ளேன் மோடில் அல்ல. இரண்டும் ஒன்றல்ல! சைலன்ட் சத்தத்தை மட்டும் அணைக்கும்; ஏரோப்ளேன் மோடுதான் டவர் தேடுவதையே நிறுத்தும். டவர்களின் ஆன்டெனா தரையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். விமானத்தின் உலோக உடலும் சிக்னலைத் தடுக்கும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் டவர் கிடைக்காத போன் விடாமல் தேடும். ஏறும்போதும் இறங்கும்போதும் லேசாக ஒரு டவர் எட்டினால், முழு பவரில் கத்திக் கூப்பிடும். சார்ஜ் கரைவது அங்கேதான்.

செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜைத் திறந்து பாருங்கள். 'மொபைல் நெட்வொர்க்' மேலே நின்றால் சந்தேகமே வேண்டாம். மெட்ரோவில் மேப்புக்காகப் போட்ட லொகேஷனையோ ஹாட்ஸ்பாட்டையோ அணைத்தீர்களா என்றும் பாருங்கள்.

பேட்டரி மேலேயே சந்தேகமா? இரவு ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையையும் புளூடூத்தையும் தனியாக அணைத்து (சில போன்களில் அவை தானாக அணையாது), 6 மணி நேரம் விடுங்கள். 2, 3% இறங்கினால் பேட்டரி நல்லது. 10%க்கு மேல் போனால் ஏதோ ஆப் பின்னணியில் ஓடலாம். 30%இல் இருந்து சட்டென அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

பவர்பேங்க் கைப்பையில் மட்டுமே. செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-அவர், விமானத்துக்கான 100 வாட்-அவர் வரம்புக்குள்தான்.