லிப் பாமில் பீட்ரூட் நிறம் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கி, பீட்ரூட் சாறு சேர்த்து லிப் பாம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். சாறு அடியில் தங்கிவிடுகிறது. மூன்று வாரத்தில் பழுப்பாகி, பூஞ்சையும் பிடித்துவிட்டது. 'எண்ணெயில் கரையும் பீட்ரூட் சாயம்' தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டானின் என்ற நிறமியால் வருவது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எவ்வளவு கிளறினாலும் சாறு துளித்துளியாக மெழுகுக்குள் மாட்டிக்கொள்ளும். பூஞ்சை வளர்ந்தது அந்த ஈரத்தில்தான். பழுப்பானதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. சூடு, வெளிச்சம், காற்று மூன்றுமே அந்த நிறமியைச் சிதைக்கும்.

சரி, அந்த வியாபாரி எதைத் தருகிறார்? அதைத்தான் கேட்க வேண்டும். ஆய்வகச் சான்று இல்லாமல் ஒரு கிராம்கூட வாங்க வேண்டாம். ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும். உதட்டில் பூசுவதும் வயிற்றுக்குள்தான் போகிறது. பீட்ரூட் பொடி என்று யார் எதை விற்றாலும், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிந்த நீரைக் கொஞ்சம் விடுங்கள். பீட்ரூட் நிறம் மஞ்சளுக்கு மாறும். பளீர் இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் அதில் வேறு சாயம் இருக்கிறது. மஞ்சளானால் மட்டும் சுத்தம் என்றும் முடிவுகட்டாதீர்கள். சுண்ணாம்பு நீரைப் போலவே சோப்பிலும் காரத்தன்மை (அல்கலி) அதிகம், அங்கே பீட்ரூட் நிறம் நிற்காததும் அதனால்தான்.

'பீட்டெய்ன்' என்ற பெயரைக் காட்டியும் சிலர் ஏமாற்றுகிறார்கள். சர்க்கரைப் பீட்ரூட்டிலிருந்து எடுக்கும் பீட்டெய்ன் வெள்ளைப் பொடி. தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நல்ல பொருள்தான், ஆனால் நிறம் தராது. ஷாம்பூ லேபிளில் உள்ள கோகமிடோப்ரொப்பைல் பீட்டெய்னோ தேங்காய் எண்ணெய்க் கொழுப்பிலிருந்து செய்யும் நுரைப்பொருள். அதற்கும் பீட்ரூட்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. பீட்ரூட் படம் போட்ட பாட்டிலில் இவற்றைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் வேம்பாளம்பட்டையை எண்ணெயில் ஊறவையுங்கள், சிவப்பு தானாக இறங்கும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள்.

அப்புறம், விற்பனை. தெரிந்தவர்களுக்கு என்றாலும் 2020 அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். சமையலறையில் 50 டப்பா ஊற்றும் பெண்ணுக்கும் பெரிய தொழிற்சாலைக்கும் ஒரே விண்ணப்பம்! சிறு தயாரிப்பாளருக்கு எளிய வழி ஒன்றை இன்னும் ஏன் செய்து தரவில்லை என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் உரிமம் உள்ள கூடத்தில் உங்கள் பெயரில் தயாரிக்க அனுமதி பெறும் முறை உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இடைத்தரகர் இல்லாமல் நீங்களே போய் அதைக் கேளுங்கள். அதுவரை விற்பனையை நிறுத்திவையுங்கள். பூஞ்சை பிடித்த அந்தத் தொகுப்பில் யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.