பழைய டிராக்டர்: எந்தக் கையேடு வாங்குவது, லிஃப்ட் ஏன் இறங்குகிறது? கேள்வி–பதில்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களின் கேள்விகளில் பாதி எந்தப் புத்தகம் வாங்குவது என்பது. மீதிப் பாதி லிஃப்ட், அதாவது பின்னால் மாட்டிய கருவியை எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) தூக்கும் அமைப்பு, ஏன் இப்படிப் படுத்துகிறது என்பது. ஹைட்ராலிக் அத்தியாயம் சரியில்லாத புத்தகத்தை வாங்கியவர்தான் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியோடு வருகிறார். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: ஃபெர்குசன் டி.இ.20 வாங்கியிருக்கிறேன். ஓட்டுநர் கையேடு, ஒர்க்‌ஷாப் கையேடு, உதிரிபாகப் பட்டியல், பல மாடல்களைச் சேர்த்துப் போட்ட மெல்லிய புத்தகம் என்று நான்கு கிடைக்கின்றன. எல்லாமே வேண்டுமா?

ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் ஒர்க்‌ஷாப் கையேடு. இரண்டு என்றால் அதோடு உதிரிபாகப் பட்டியல்.

பட்டியலைப் பலர் கடைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிரித்துப் போட்ட படம் அதில்தான் நன்றாக இருக்கும். வால்வைக் கழற்றும்போது ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் மெல்லிய வாஷரும் உருண்டு வந்துவிடும். எது முதலில் உள்ளே போக வேண்டும் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லும். “இந்த வரிசை எண் வரை இந்த பாகம், அதற்கு மேல் அந்த பாகம்” என்ற குறிப்புகளும் அதில்தான் இருக்கும்.

ஓட்டுநர் கையேடு எண்ணெய் அளவு, கிரீஸ் வைக்கும் இடங்கள், லீவர்களின் வேலை இவற்றுக்கு. பல மாடல் புத்தகம் வால்வு இடைவெளி, போல்ட் முறுக்கு அளவு போன்ற எண்களைச் சட்டென்று எடுக்க உதவும். ஆனால் ஏற்கெனவே நாலு டிராக்டரைப் பிரித்துப் பூட்டியவருக்காக எழுதியது மாதிரி இருக்கும். முதல்முறை பம்பைத் திறப்பவருக்கு அது போதாது.

காசைக் கொடுக்கும் முன் வண்டியில் மாடல் எழுத்தும் எண்ணும் உள்ள தகட்டைப் பாருங்கள். டி.இ.20 என்று பொதுவாகச் சொன்னாலும் என்ஜின் பல வகை. எழுத்து டி.இ. என்று மட்டும் இருந்தால் கான்டினென்டல் என்ஜின், டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்ட் பெட்ரோல் என்ஜின், டி.இ.டி. என்றால் டி.வி.ஓ. எனப்படும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவது, டி.இ.எஃப். என்றால் டீசல். தகட்டில் டி.ஓ. என்று இருந்தால் அது அமெரிக்காவில் செய்த வண்டி.

புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்பதையும் கவனியுங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஃபோர்டு 8என் டிராக்டருக்கு 5 கேலன் என்றால் அது அமெரிக்கக் கணக்கு, ஏறக்குறைய 19 லிட்டர். பிரிட்டிஷ் கணக்கில் ஊற்றினால் மூன்றரை லிட்டருக்கு மேல் கூடிப்போகும். கூடுதலாக ஊற்றிய எண்ணெய் ஆக்சில் சீல் வழியாக பிரேக் டிரம்முக்குள் வழிந்தால் வேறொரு வேலை வந்து சேரும்.

ஸ்கேன் பிரதி வாங்குகிறீர்களா? ஹைட்ராலிக் அத்தியாயத்தின் ஒரு பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். மடித்து வைத்திருந்த பெரிய படத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: என்னுடையது ஃபோர்டு. என்ஜின் பிளாக்கில் 9என் என்று ஆரம்பிக்கும் எண். விற்றவரோ இது 2என் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 1942-ல் 2என் வந்த பிறகும் ஃபோர்டு வரிசை எண்ணில் 9என் என்றேதான் அடித்தார்கள். 1947-ல் 8என் வந்தபோதுதான் எண்ணின் முன்னெழுத்தும் மாறியது. இன்னொன்று, எண் இருப்பது என்ஜினில். என்ஜினை எப்போதோ மாற்றியிருந்தால் அந்த எண் பின்பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஹைட்ராலிக் பாகம் வாங்கும்போது பின்பக்க வார்ப்பிலும் பம்பிலும் உள்ள எண்களைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பம்ப் வலுவாக இருந்தால் அழுத்தமும் அதிகமாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

பம்ப் தருவது ஓட்டம். அழுத்தத்தை உண்டாக்குவது எதிரே நிற்கும் பாரம். லிஃப்டில் ஒன்றுமே மாட்டாமல் உயர்த்தினால் புத்தம்புதுப் பம்பும் கொஞ்ச அழுத்தம்தான் காட்டும். பாரம் ஏற ஏற அழுத்தமும் ஏறும், கடைசியில் ரிலீஃப் வால்வு திறந்து அதற்கு மேல் விடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 63 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 31 சதுர செ.மீ. அதில் 140 பார் அழுத்தம் இருந்தால் பிஸ்டன் தள்ளும் விசை 4.4 டன் எடைக்குச் சமம். அதே சிலிண்டர் 200 மி.மீ. நகர வேண்டுமானால் 0.62 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்ப் இரண்டு விநாடிக்குள் அதைக் கொடுத்துவிடும். பம்ப் தேய்ந்து ஓட்டம் பாதியானால் வேகமும் பாதியாகும்.

இந்தக் கணக்கு நோய் கண்டுபிடிக்கவும் உதவும். லிஃப்ட் மெதுவாக, ஆனால் முழுப் பாரத்தையும் தூக்குகிறது என்றால் ஓட்டம் குறைவு: வடிகட்டி அடைப்பு, எண்ணெய் மட்டக் குறைவு, பம்ப் தேய்மானம். வேகம் சரி, பாரம் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் ரிலீஃப் வால்வையும் உள்கசிவையும் சந்தேகிக்கலாம்.

கேள்வி: 8என். கலப்பையைத் தூக்கி வைத்து என்ஜினை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. ஓடும்போது விக்கல் மாதிரி குதிக்கிறது. பம்ப் போய்விட்டதா?

பம்பின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். இரண்டும் ஒரே கசிவின் அறிகுறிகள்.

இந்த வகை டிராக்டரில் கட்டுப்பாட்டு வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. தூக்கச் சொன்னால் உறிஞ்சும் வழி திறக்கும், போதும் என்றால் மூடிக்கொள்ளும். பம்ப் சும்மா சுற்றும், எண்ணெய் சூடாகாது. ஃபெர்குசன் முறை என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனமே இதில்தான் இருக்கிறது. ஆனால் பாரத்தைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்கும் பம்புக்கும் நடுவே அடைபட்ட எண்ணெய் மட்டும்தான். அது எங்காவது கசிந்தால் கருவியைத் தாங்கும் லிஃப்ட் கைகள் இறங்கும். கொஞ்சம் இறங்கியதும் உயரக் கட்டுப்பாடு அதை உணர்ந்து உறிஞ்சும் வழியைத் திறக்கும், லிஃப்ட் மேலே போகும், மறுபடி மூடும், மறுபடி இறங்கும். நீங்கள் விக்கல் என்பது இதைத்தான்.

கசியக்கூடிய இடங்கள்: பிஸ்டன் சீல் அல்லது கீறல் விழுந்த சிலிண்டர், கட்டுப்பாட்டு வால்வு, பம்பின் வெளிவழி வால்வுகள், பாதுகாப்பு வால்வு, பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் வழியிலுள்ள பேக்கிங்.

எது என்று தெரிய, எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை. பின்பக்கத்தின் வலதுபுறத்தில் ஒரு சோதனை மூடி இருக்கிறது. பாரத்தைத் தூக்கி என்ஜினை நிறுத்துங்கள். கீழ்க் கைகளுக்கு அடியில் உறுதியான முட்டு வையுங்கள், ஆனால் கசிவு தெரியும்படி பாரம் இன்னும் லிஃப்டின் மேலேயே இருக்கட்டும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் சொட்டினால் பிஸ்டன் சீல், மேல் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கீழே பம்ப் பக்கமிருந்து வந்தால் மேல் மூடியைத் தொடாதீர்கள். கண்ணால் மட்டும் பாருங்கள், கை உள்ளே போகக் கூடாது.

சீல் மாற்றும்போது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தோடு அதைத் தாங்கும் வளையமும் வந்தால், அது அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஓ-ரிங் இடுக்கில் பிதுங்கிக் கிழியும், பழைய கதை மறுபடி தொடங்கும்.

கேள்வி: கிளட்சை மிதித்தால் லிஃப்ட் ஏறுவதில்லை. இது கோளாறா?

8என், டி.இ.20 போன்ற வண்டிகளில் கோளாறு இல்லை. பம்பைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டு (என்ஜின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குத் தரும் சுழல் தண்டு), அதற்கு விசை கிளட்ச் வழியாகத்தான் வருகிறது. பி.டி.ஓ. லீவர் போடாமல் இருந்தாலும் லிஃப்ட் ஏறாது. “லிஃப்ட் செத்துப்போச்சு” என்று வந்த வண்டிகளில் அந்த லீவரைத் தள்ளியதோடு வேலை முடிந்ததும் உண்டு.

கேள்வி: 9என் வண்டியில் புல்வெட்டியைப் பாதி உயரத்தில் நிறுத்த முடியவில்லை. முழுக்க மேலே போகிறது, இல்லையென்றால் முழுக்கக் கீழே.

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. 1939-ல் வந்த 9என்னில் இருப்பது இழுவைக் கட்டுப்பாடு மட்டும், அதாவது மண்ணின் இழுவையைப் பொறுத்துக் கருவியை ஏற்றி இறக்கும் ஏற்பாடு. கலப்பை ஆழமாக இறங்கினால் மண் பிடிக்கும் விசை கூடும், அது டாப் லிங்க்கை (கருவியின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் தண்டை) வண்டி பக்கம் தள்ளும், அங்கிருக்கும் ஸ்பிரிங் அமுங்கும், அது வால்வை நகர்த்திக் கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். இழுக்க மண் இருக்கும்வரை அற்புதமான ஏற்பாடு. புல்வெட்டிக்கு இழுவை ஏது? அதனால் வால்வுக்கு நடுநிலை தெரிவதில்லை.

உயரக் கட்டுப்பாடு 8என்னில்தான் சேர்ந்தது. 9என் வைத்திருப்பவர்கள் டாப் லிங்க் பின்னிலிருந்து கீழ்க் கைகளுக்குச் சங்கிலி கட்டி, அதற்குக் கீழே இறங்காதபடி செய்துகொள்கிறார்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

கேள்வி: எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. ஹைட்ராலிக் ஆயில் ஊற்றலாமா?

வெளுப்பு என்றால் தண்ணீர். கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாக மழைநீர் இறங்கும், வண்டி நின்றே கிடந்தால் ஈரக்காற்றும் உள்ளே குளிர்ந்து நீராகும். எண்ணெயை மாற்றும் முன் உறையை மாற்றுங்கள்.

8என்னில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். வடிக்கும் திருகுகள் மட்டும் மூன்று. ஒன்றைத் திறந்து முடித்துவிட்டால் அழுக்கு நீர் மற்ற பள்ளங்களில் நிற்கும்.

வெறும் ஹைட்ராலிக் ஆயில் கியர் பற்களுக்குப் போதாது. ஜி.எல்.5 வகை கியர் ஆயிலும் வேண்டாம், அதிலுள்ள கந்தகக் கலவை வெண்கல புஷ்களைக் கெடுக்கக்கூடும். இரண்டு வேலைக்குமான பொது டிராக்டர் ஆயிலை, கையேட்டில் சொன்ன தரத்தோடு ஒப்பிட்டு ஊற்றுங்கள்.

நுரை என்றால் அது வேறு சங்கதி. உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது, அல்லது மட்டம் குறைந்திருக்கிறது.

கேள்வி: முன்பக்க லோடருக்கு உள் பம்பிலிருந்தே எண்ணெய் எடுக்கலாமா?

8என்னில் வேண்டாம். லோடருக்குத் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். அந்தக் காலத்து லோடர்களே கிராங்க் தண்டின் முன்முனையில் தனிப் பம்ப் வைத்துத்தான் வந்தன. வேறு வண்டி என்றால் வால்வு வாங்கும் முன் அது திறந்த மைய அமைப்பா (வேலை இல்லாதபோதும் எண்ணெய் வால்வு வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்), மூடிய மைய அமைப்பா (வேலை இல்லாதபோது வால்வு வழியை அடைத்துவிடும்) என்று கையேட்டில் பாருங்கள். 1960-ல் வந்த ஜான் டியர் 3010, 4010 மூடிய மையம். அதில் திறந்த மைய வால்வை மாட்டினால் எண்ணெய் ஓயாமல் சுற்றிக் கொதிக்கும்.

கேள்வி: புது ஹோஸ் மாட்டினேன். அரை அங்குல இணைப்பில் எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்கவில்லை.

மரை வகை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அரை அங்குலத்தில் அமெரிக்க என்.பி.டி., பிரிட்டிஷ் பி.எஸ்.பி. என்ற இரண்டு குழாய் மரை வகைகளுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும், சரியாக உட்கார்ந்த மாதிரியே தோன்றும். மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. இடைவெளி இருந்துகொண்டே இருக்கும், டேப் சுற்றி அடைக்க முடியாது. மரை அளவுகோலை வைத்துப் பார்த்து, சரியான அடாப்டர் போடுங்கள்.

கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பட்டுவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் பாய்ந்த எண்ணெய் என்று முதலிலேயே சொல்லுங்கள், எண்ணெய் டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.