ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு வைண்டர் வேண்டுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வாப்பா பல வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவரிடம் நான்கு ஆட்டோமேட்டிக் வாட்ச் இருக்கின்றன: இரண்டு சீக்கோ 5, ஒரு சிட்டிசன், ஒரு ராடோ டயாஸ்டார். ஒரு சீக்கோவை மட்டும் தினமும் கட்டுகிறார், மற்ற மூன்றும் பீரோவில். வாட்ச் வியாபாரம் செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நிறுத்தி வைத்தால் ஆயில் உறைந்து மெஷின் போய்விடும், நான்கையும் வைண்டரில் மாட்டி வைக்க வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். வாப்பா கட்டும் சீக்கோவும் இப்போது விடியற்காலையில் நின்றுவிடுகிறது. மெஷின் தேய்ந்துவிட்டது, சென்னைக்கு அனுப்பி கம்பெனி சர்வீஸ் செய்து தருகிறேன் என்கிறார். வாப்பாவுக்கு இப்போது நடமாட்டம் குறைவு. முன்பணம் 2,000 கொடுத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?"

பீரோவில் இருக்கும் மூன்றுக்கும் வைண்டர் வேண்டாம். வாப்பா கையில் இருக்கும் நான்காவதுக்கு மட்டும் வாங்கலாமா என்று யோசிக்கலாம். அதையும் ஒரு சோதனை செய்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தால் அரைவட்டமாக ஒரு கனமான தகடு தெரியும். அதுதான் ரோட்டார். கை அசையும்போதெல்லாம் அது சுழன்று உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கும். உங்கள் வீட்டில் இருக்கும் வகைகள் முழுதாக ஏறியிருந்தால் சுமார் 40 மணி நேரம் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். நிற்பது பழுதல்ல, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வைண்டர் என்பது மோட்டார் வைத்த ஒரு பெட்டி. கை செய்யும் வேலையை அது செய்கிறது. எடுத்துக் கட்டும்போது மணியும் தேதியும் சரியாக இருக்கும் என்ற வசதியைத் தவிர அதில் வேறு பயன் இல்லை.

"ஆயில் உறைந்துவிடும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவரத்திலிருந்தும் எடுத்த எண்ணெயை வாட்ச்சுக்கு விட்ட நாளில் அதில் உண்மை இருந்தது. இன்று முறையாக சர்வீஸ் செய்பவர்கள் விடுவது செயற்கை எண்ணெய். ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயதாகத்தான் செய்யும். அதை வைண்டர் தடுக்காது. சும்மா இருக்கும் மெஷினை இரவும் பகலும் ஓட வைத்தால் தேய்மானம்தான் கூடும். சீக்கோ, சிட்டிசன் இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு. ஒரு நாளைக்கு 5,18,400. ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 18 கோடியே 92 லட்சம். யாரும் பார்க்காத பெட்டிக்குள் இத்தனை முறை அடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியம் என்ன? வைண்டரில் போட்டால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி முறுக்கி அறுந்துவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அந்த பயம் வேண்டாம், முழுதாக ஏறியதும் ஸ்பிரிங் வழுக்கிக் கொடுக்கும்படிதான் ஆட்டோமேட்டிக்கைச் செய்திருக்கிறார்கள்.

நம் கடற்கரையில் வாட்ச்சைக் கொல்வது உப்புக்காற்று. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2022 கடைசியில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அந்த இரும்பைத் தின்ற காற்றுதான் உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது. மண்டபம், தொண்டி, ஏர்வாடி பக்கத்திலிருந்து வரும் வாட்ச்சுகளைத் திறந்தால் பல நேரம் மெஷின் நன்றாக இருக்கும். சாவி நுழையும் குழாயைச் சுற்றியும் பின்மூடியின் மரையிலும் பழுப்பாகத் துரு கட்டியிருக்கும். உள்ளே ரப்பர் வளையம் கல்லாகக் காய்ந்து, ஊசியால் தொட்டால் துண்டு துண்டாக உடையும். அந்த வளையம் போன வாட்ச் வைண்டரில் இருந்தாலும் பீரோவில் இருந்தாலும் ஈரத்தை இழுக்கும். ராடோவின் கடின உலோகக் கேஸ் லேசில் கீறாது. அதனால் உள்ளேயும் கெடாது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் இதே ரப்பர் வளையம்தான்.

பாதுகாக்கும் முறை எளிது. ஈரத் துணியால் துடைத்து, வியர்வையும் அத்தரும் போக உலர வைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாட்ச்சுகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை போட்ட பீரோவில் திறந்து வைக்கக் கூடாது. அந்த ஆவி ரப்பருக்கும் டயல் பெயின்டுக்கும் ஆகாது. ஸ்பீக்கர் மேலும் காந்த மூடி வைத்த போன் கவர் பக்கத்திலும் வேண்டாம். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுங்கள். ஜும்ஆவுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று என்று மாற்றிக் கட்டினாலே போதும். பழைய சீக்கோ 5-ல் சாவியைத் திருகினால் ஸ்பிரிங் ஏறாது. டயல் மேலே பார்க்க வைத்துக்கொண்டு இடமும் வலமுமாக அரை நிமிடம் மெதுவாக ஆட்டிவிட்டுக் கட்டுங்கள்.

நின்ற வாட்ச்சில் தேதி மாற்றும்போது ஒரு கவனம் தேவை. இரவு 9-லிருந்து காலை 4 வரை தேதிச் சக்கரம் பிடிப்பில் இருக்கும். அப்போது தேதியை வேகமாகத் திருப்பினால் பல் உடையும். நின்ற வாட்ச் காட்டுவது பகலா இரவா என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் முள்ளை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 வரை கொண்டுபோய் நிறுத்தி, தேதியை முந்தைய நாளுக்கு வைத்து, பிறகு முள்ளைச் சுற்றி இன்றைய நாளுக்கும் மணிக்கும் வாருங்கள்.

இனி வாப்பாவின் சீக்கோ. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். விடியற்காலையில் நிற்பதை வைத்து மெஷின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டியவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பெரியவர்களுக்குக் கை அசைவு குறையும். நாற்காலியில் அமர்ந்து தொழுபவர், பகலில் பெரும்பாலும் சாய்ந்திருப்பவர் கையில் ரோட்டார் போதுமான அளவு சுற்றாது. பகலில் கொஞ்சம்தான் ஏறும், இரவில் கழற்றி வைத்தால் சுபுஹுக்குள் தீர்ந்துவிடும். மெஷின் நன்றாகவே இருக்கலாம்.

சோதனை இதுதான். அந்த வாட்ச்சை இரண்டு நாள் நீங்கள் கட்டிக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். இரண்டாம் நாள் இரவு 9 மணிக்குக் கழற்றி, டயல் மேலே இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டு, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நான்காம் நாள் காலை 9 மணி தாண்டி ஓடினால் 36 மணி நேரம் ஆகிவிட்டது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின்னாகப் போவது இந்த வகைக்கு இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம். இருபது மணி நேரத்துக்குள் நின்றால் மட்டும் சர்வீஸ் தேவை. திடீரென்று நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். அதை எடுப்பது சில நொடி வேலை. அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சோதனையில் தேறிவிட்டால், வைண்டர் உண்மையாகவே உதவும் ஒரே இடம் இதுதான். காலம் முழுக்கக் கட்டிய வாட்ச்சைக் கை ஒத்துழைக்காத வயதிலும் கட்டிக்கொள்ள நினைக்கிறார். அதற்கு வழி செய்து கொடுப்பது நியாயமான செலவு. ஒற்றை வாட்ச் வைக்கும் சின்ன வைண்டர் போதும். இஷாவுக்குப் பிறகு மாட்டி, காலையில் எடுத்துக் கொடுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றுவதாக, ஒரு நாளைக்கு 650 முதல் 800 சுற்று வைக்க முடிவதாக, நடுவே நின்று நின்று ஓடுவதாக இருக்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் மலிவு ரகம் வேண்டாம். வாங்கும் முன் கடையிலேயே அதை ஓடவிட்டு, போனில் இருக்கும் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் கண்டபடி திரும்பினால் மோட்டாரின் காந்தம் வெளியே கசிகிறது, அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். பேட்டரியில் ஓடும் ரகமானால் பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் ஒழுகிவிடும். கரண்ட் போனால் வைண்டர் நிற்கும், அதனால் வாட்ச்சுக்கு ஒன்றும் ஆகாது. செலவே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது: காலையிலும் இரவிலும் வீட்டில் யாராவது அரை நிமிடம் ஆட்டிக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். உளூச் செய்யும்போது மட்டும் வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் பழசாக இருந்தால் தினமும் ஐந்து வேளைத் தண்ணீரை அது தாங்காது.

அந்த வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். வைண்டருக்குக் கேட்ட 14,000-ஐ விட, வாட்ச்சுகளைக் கையில் வாங்கிக்கொண்டு போகத் துடிப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் என்று வளைகுடா சம்பாத்தியம் உள்ள ஊர்களில் பீரோ திறந்தால் நல்ல வாட்ச் இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியும். "கம்பெனி சர்வீஸ்" என்று வாங்கிப் போவார்கள். உள்ளே இருக்கும் நல்ல மெஷினை எடுத்துவிட்டுப் பழைய சரக்கை வைத்து மூடுவார்கள். அல்லது பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, செயினைப் பாலிஷ் போட்டு, முழு சர்வீஸ் என்று பில் கொடுப்பார்கள். உண்மையான சர்வீஸ் என்றால் மெஷினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, புது எண்ணெய் விட்டு, ரப்பர் வளையம் மாற்றி, ஓட்டிப் பார்ப்பது. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் அதைச் செய்யவில்லை.

இன்னொரு வலை இருக்கிறது. "பழசைக் கொடுங்கள், புத்தம் புதிய சீக்கோ தருகிறேன்" என்பார்கள். வருவது டயலை மறுபடி பெயின்ட் அடித்த சரக்காக இருக்கும். நீலமும் ஆரஞ்சுமாகப் பளபளக்கும், உள்ளே பல வாட்ச்சுகளின் பாகங்கள் கலந்து கிடக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சீக்கோவின் பின்மூடியில் 7009 அல்லது 7எஸ்26 என்பது போல மெஷின் எண்ணும், ஒரு கோடு தள்ளி இன்னொரு நான்கு இலக்கமும் இருக்கும். டயலின் அடி ஓரத்தில், 6 மணிக்குக் கீழே, பூதக்கண்ணாடியில்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தில் அதே மெஷின் எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டயலில் எண்ணே இல்லை, அல்லது வேறு எண் என்றால் பெரும்பாலும் டயல் மாறியிருக்கிறது.

இவர்கள் பிழைப்பதற்கு இடம் கொடுத்தது கம்பெனிகள்தான். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பலவும் உதிரிப் பாகத்தை வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்க மறுக்கின்றன. தொழில் தெரிந்தவன் நியாயமான கூலிக்குச் செய்யத் தயாராக இருந்தாலும், ஒரு சின்னப் பல்சக்கரம் கிடைக்காமல் வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எச்.எம்.டி. கடிகார ஆலைகளை 2016-ல் மூட முடிவெடுத்தார்களே, அந்த வாட்ச்சுகளை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் மக்களுக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று யாராவது யோசித்தார்களா? விற்கும்போது ஊர் ஊராகக் கடை திறக்கிறார்கள். பழுது என்றால் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர் வீடு தேடி வருகிறார்.

வாட்ச்சுகளைக் கொடுத்துவிட்டீர்களா, முன்பணம் மட்டும்தானா என்று உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள். பிரித்தாகிவிட்டது என்று சொன்னால் பிரித்த நிலையிலேயே வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால், இனி யாரிடம் சர்வீஸுக்குக் கொடுத்தாலும் உங்கள் முன்னால் பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினையும், மூடியில் இருக்கும் எண்களையும், டயலையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். 2,000 ரூபாயைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. அங்கே இழுத்தடிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனுவின் நகலைக் காட்டினாலே பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லை என்றால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.